மூன்று மணி, போண்டா ஒன்று

ஜூன் மாதம் முழுக்க
காவேரிப்பட்டணம் தாண்டி வரும் டெம்போக்கள்
மாம்பால் பிசுக்கோடு
கூழ் ஆலை வாசலில் வரிசை கட்டும்.
என் வேலை
ஒரு சொட்டு.
கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டுக் கூழ் வைத்து
வெளிச்சத்துக்கு நேரே கருவியைத் தூக்கி
ஒரு கண்ணை மூடி
இனிப்பை எண்ணாகச் சொல்வது.
பெங்களூரா, பதினாலரை.
அல்போன்சா, பதினேழு.
மழை குடித்த லோடு, பன்னிரண்டு. ஓரமாக நிறுத்து.

பதினோரு வருஷம் எண்ணிப் பழகிய கை
வீட்டுக்குப் போயும் நிற்கவில்லை.
இட்லி மூன்று. சட்னியில் தேங்காய் எவ்வளவு?
களி எலுமிச்சை அளவா, ஆரஞ்சு அளவா?
செல்போன் ஒரு தொகை சொல்லும்,
கட்டிலுக்கடியில் இருக்கும் தராசு
வேறொரு தொகை சொல்லும்,
இரண்டுக்கும் நடுவே
கணக்கில் உதைக்கும் சில்லறை நான்.

காலையில் நல்லவள்.
வேகவைத்த கொள்ளு, உப்பில்லாமல், நின்றபடியே.
இரவு பத்தரைக்குக் கெட்டவள்.
ஃப்ரிட்ஜ் விளக்கில் மட்டும் தெரிகிற முகம்.
பக்கத்து வீட்டுப் பிறந்தநாள் கேக்கை வழித்த விரல்,
யாரும் பார்க்குமுன் அதைக் கழுவிய குழாய்,
எல்லாவற்றையும் எழுதினேன்.
ஆலைப் பதிவேட்டைப் போலவே ஒரு நோட்டு,
அதே பச்சை அட்டை:
நேரம், பொருள், அளவு, குறிப்பு.

அப்படித்தான் அந்த ராத்திரி ஷிப்டில்
நோட்டு மாறிப் போயிற்று.

காலை ஆறுக்குப் பொறுப்பேற்க வந்த திம்மராயன் சார்
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி வாசித்தார்:
“இரண்டு பத்து. டேங்க் நான்கு. பதினாறு பிரிக்ஸ்.
இரண்டு நாற்பது. டேங்க் ஐந்து. பதினைந்தே முக்கால்.
மூன்று மணி. போண்டா ஒன்று. அழுகை.”
நிமிர்ந்தார்.
“மேடம், இது எந்த பேட்ச்?”

பாய்லர்கூட ஒரு நொடி மூச்சடக்கிய மாதிரி இருந்தது.
பழம் பொறுக்கும் மேசையிலிருந்து
முனிரத்னாதான் முதலில் சிரித்தாள்.
பிறகு நான்.
சிரிப்பு எங்கோ வழியில் வேறொன்றாகி
மூக்கைச் சிந்த வேண்டியதாயிற்று.
அவர் பேனாவை எடுத்தார்.
அழுகையை ஒரு கோட்டால் அடித்தார்.
பக்கத்தில் சின்னதாகக் கையெழுத்துப் போட்டார்.
போண்டாவை விட்டுவிட்டார்.

பீரோவில் அடுக்கிய பதிவேடுகளில்
அது இன்னும் இருக்கிறது.
மூன்று மணி. போண்டா ஒன்று.
குற்றம் இல்லை, தண்டனை இல்லை, வெறும் தகவல்.
எத்தனை வருஷம் கழித்து
ஒரு பலகாரம் எனக்கு
பலகாரமாக மட்டும் இருந்தது.

அன்றோடு எல்லாம் சரியாகிவிட்டது என்றால் பொய்.
சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது,
கிருஷ்ணகிரி டாக்டர் நடக்கச் சொன்னார்,
டேம் ரோட்டில் நடக்கிறேன்,
வழியில் கடலை வறுக்கிறவனைத் தாண்டும்போது
சில நாள் வாங்குகிறேன், சில நாள் இல்லை.
நோட்டில் இப்போது பால் கணக்கு.
தராசை முனிரத்னா கொண்டுபோனாள், புளி நிறுக்க.
அவள் வீட்டில் அது
யாரையும் அழவைக்கவில்லையாம்.

இன்னும் அந்தக் குரல் வரும், தட்டில் கை வைக்கும்போது:
எத்தனை?
களியைப் பிட்டு
கீரைக் குழம்பில் அமுக்கி விழுங்குகிறேன்.
களியில் ஒரு வசதி,
மெல்லவும் விடாது,
பதில் சொல்லவும் விடாது.

நேற்று லோடு இறங்குகிற இடத்தில்
ஒரு செந்தூரா உருண்டு வந்து
என் செருப்பில் முட்டியது.
கருவி கோட்டுப் பையில் இருந்தது. எடுக்கவில்லை.
காம்பைக் கடித்துத் துப்பி
முழங்கை வரை ஒழுகவிட்டுத் தின்றேன்.
கொட்டையில் இன்னும் பாதிச் சதை இருந்தபோது
போதும் என்று இருந்தது.
டாக்டர் சொல்லவில்லை, செல்போன் சொல்லவில்லை.
வயிறு பேசி
நான் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது.

மிச்சத்தை என்ன செய்வது என்று யோசிக்கவில்லை.
வாட்ச்மேனின் ஆடு
நான் ஆரம்பித்ததிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தது.